போல்கா ஆடக் கற்றுக்கொள்வது எப்படி: காதில் தொடங்கிக் காலுக்கு வரும் வழி

துணிக்கடையில் 'போல்கா டாட்' என்று கேட்டால் புள்ளி போட்ட துணியை எடுத்துப் போடுவார்கள். அந்தப் பெயர் ஒரு நடனத்திலிருந்து வந்தது என்பது விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் பெரும்பாலும் தெரியாது. 1840-களில் ஐரோப்பாவை போல்கா பைத்தியம் பிடித்து ஆட்டியது. தொப்பி, மேற்சட்டை என்று கையில் இருந்த சரக்குக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்து வியாபாரிகள் விற்றார்கள். கொஞ்ச காலம் கழித்துப் புள்ளித் துணிக்கும் அது ஒட்டிக்கொண்டது. மற்றவையெல்லாம் மறைந்து, புள்ளி மட்டும் நின்றுவிட்டது.

நான் போல்கா கற்றது செக் நாட்டில், வேலைக்காகப் போய்த் தங்கியிருந்த காலத்தில். அதற்கு முன் எந்த நடனமும் ஆடிப் பழக்கமில்லை. எனவே இந்த வழிகாட்டியை நடனமே தெரியாதவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். தினமும் இருபது நிமிடம் ஒதுக்கினால் மூன்று வாரத்தில் ஒரு முழுப் பாட்டுக்கு ஜோடியாகச் சுற்றிவர முடியும்.

போல்கா என்றால் துள்ளிக் குதிப்பது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் குதித்தேன். ஒரு கிராமத்து நடன இரவில், எழுபது வயதுக்கு மேலான ஒரு பாட்டி என் இரண்டு தோள்களையும் பிடித்து அழுத்திக் கீழே இறக்கி, "சின்னதா, சின்னதா" என்று செக் மொழியில் சொல்லிக்கொண்டே என்னோடு ஆடினார். ஒரே நிமிடத்தில் எனக்கு விஷயம் புரிந்தது. இந்த நடனத்தின் உயிர் நடுவில் வரும் ஒரு பாதி அடியில் இருக்கிறது. அந்தப் பாதி அடி காலில் உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பெயரிலேயே பாடம்

போல்கா பிறந்தது பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதியில், 1830-களில். அன்னா ஸ்லெஸாகோவா என்ற வேலைக்காரப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் போக்கில் பாடிக்கொண்டு ஆடியதாகவும், யோசெஃப் நெருடா என்ற ஆசிரியர் அதைப் பார்த்து மெட்டைக் குறித்துக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. எல்பே ஆற்றங்கரையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இந்தக் கதையைத் தங்களுடையது என்கின்றன. கதை எப்படியோ, அந்த வட்டாரத்துக் கிராமிய ஆட்டங்களிலிருந்து இது உருவானது என்பது மட்டும் உறுதி.

பெயருக்கு இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். செக் மொழியில் 'பூல்கா' என்றால் பாதி. நடன அடியின் நடுவில் காலைப் பாதித் தூரம் மட்டும் கொண்டுவந்து சேர்ப்பதால் அந்தப் பெயர் வந்தது என்பது ஒன்று. 'போல்கா' என்றால் போலந்துப் பெண் என்றும் பொருள். 1830-இல் ரஷ்யப் பேரரசை எதிர்த்துப் போலந்து மக்கள் எழுந்தபோது செக் மக்களுக்கு அவர்கள்மேல் இருந்த அனுதாபம் பெயரானது என்பது மற்றொன்று. மொழி அறிஞர்கள் எதை ஏற்றாலும் ஆடுகிறவர்களுக்கு உதவுவது முதல் விளக்கம்தான். பெயரை நினைக்கும்போதெல்லாம் கால் ஞாபகம் வரும்.

கிராமத்திலிருந்து பிராக் நகரத்துக்கு வந்த நடனம் அங்கிருந்து வியன்னாவுக்குப் போனது. 1840-இல் ராப் என்ற பிராக் நடன ஆசிரியர் பாரிஸின் ஓதியான் அரங்கில் இதை ஆடிக் காட்டினார். நான்கே வருடத்தில் பாரிஸ், லண்டன், அமெரிக்கா என்று எல்லா இடத்திலும் போல்காதான். நடன ஆசிரியர்களின் வாசலில் கூட்டம் அலைமோதியது.

முதல் படி: மூன்று நாள் கேளுங்கள், ஆடாதீர்கள்

காலைத் தூக்குவதற்கு முன் காது பழக வேண்டும். செக் நாட்டுக் கிராமத்துப் பித்தளை வாத்திய இசையை 'தெஹோவ்கா' என்பார்கள். அந்தப் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் மணிக்கணக்கில் கேட்கக் கிடைக்கும். கொலீன் நகரில் வாழ்ந்த ஃபிரான்டிஷெக் க்மோக் இந்த வகை வாத்தியக் குழுக்களுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். அவர் பேரில் அந்த ஊரில் இசை விழாவும் நடக்கிறது.

கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டு அடியில் ஓடுவதைப் பிடியுங்கள். டியூபா என்ற பெரிய ஊதுகுழல் 'உம்' என்று ஆழமாக ஒலிக்கும். உடனே மற்ற வாத்தியங்கள் 'பா' என்று மேலே வெட்டும். உம்-பா, உம்-பா. இவ்வளவுதான் போல்காவின் எலும்புக்கூடு. அக்கார்டியன் மட்டும் வைத்து வாசிக்கிற போல்காவில் இடது கையே இரண்டையும் செய்துவிடும்: ஒரு பொத்தான் 'உம்', அடுத்த பொத்தான் 'பா'. அக்கார்டியன் நமக்கு அந்நியமான கருவி இல்லை. துருத்தியும் உலோக நாக்குகளும் கொண்ட ஹார்மோனியத்தின் உறவுக்காரர்தான். 1829-இல் வியன்னாவில் காப்புரிமை பெற்ற இந்தப் பெட்டியும் போல்காவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஒரே ஆள் ஒரு முழு வாத்தியக் குழுவின் வேலையைச் செய்ய முடியும் என்பதால் கிராமம் கிராமமாகப் போல்காவைச் சுமந்துகொண்டு போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து, மெட்டு எட்டு எட்டு தாளச் சுற்றாகப் பிரிந்திருப்பதைக் கவனியுங்கள். முதல் பகுதி, இரண்டாம் பகுதி, மறுபடி முதல் பகுதி, அப்புறம் 'ட்ரியோ' என்ற மூன்றாவது பகுதி. ட்ரியோ வரும்போது சுருதி மாறும், மெட்டு கொஞ்சம் இளகும், பாட்டுள்ள போல்காவில் பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து பாடுகிற இடம் அதுதான். இந்த இடம் காதுக்குத் தெரிந்தால், ஆடும்போது மூச்சு வாங்க எங்கே வேகத்தைத் தணிக்கலாம் என்பதும் தெரியும்.

கேட்க ஒரே ஒரு பாட்டைச் சொல் என்றால், யரோமீர் வெய்வோதா 1927-இல் எழுதிய மெட்டைச் சொல்வேன். பிராக் நகரையொட்டிய ஸ்ப்ராஸ்லாவ்காரர் அவர். 1934-இல் அதற்கு 'ஷ்கோதா லாஸ்கி' என்று தொடங்கும் சொற்கள் சேர்ந்தன. 1939-இல் 'பியர் பேரல் போல்கா' என்ற ஆங்கிலப் பெயரில் அமெரிக்காவில் பரவியது. ஜெர்மனியில் அதன் பெயர் 'ரோசமுண்டே'. இரண்டாம் உலகப் போரில் எதிரெதிர் அணி வீரர்கள் இருவரும் இதே மெட்டைத்தான் பாடினார்கள். ஆங்கிலத்தில் அது குடிக் கொண்டாட்டப் பாட்டு. செக் சொற்களோ வீணாய்ப்போன காதலைப் பற்றியவை. போல்கா என்றால் வெறும் கும்மாளம் என்று நினைப்பவர்கள் இதைச் செக் மொழியில் ஒருமுறை கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: வாயால் ஆடுங்கள்

போல்காவின் தாளம் இரண்டு அடி. ஒவ்வோர் அடியும் இரண்டாகப் பிரியும். ஆக மொத்தம் நான்கு: த-க-தி-மி. 'த'விலும் 'தி'யிலும் டியூபா 'உம்' சொல்லும். 'க'விலும் 'மி'யிலும் மற்றவர்கள் 'பா' சொல்வார்கள். ஐரோப்பிய ஆசிரியர்கள் எண்களைச் சொல்லி நடுவில் 'அண்ட்' போட்டு எண்ணுவார்கள். எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. தகதிமிக்கு மாற்றிய அன்றே கால் வழிக்கு வந்தது.

பாட்டைப் போட்டு, உட்கார்ந்த இடத்திலேயே தகதிமி சொல்லுங்கள். வழக்கமான வேகத்தில் ஒரு தகதிமி ஏறக்குறைய ஒரு நொடி. முதலில் அது வேகமாகத் தெரிந்தால், காணொளியின் வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். சுருதி கெடாது.

மூன்றாம் படி: நேர்க்கோட்டில் நடை

இங்கேதான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். அவசரப்படாதீர்கள்.

முதலில் தரையும் செருப்பும். ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்விப் பிடிக்கும். பாதம் நின்றுவிட்டு உடல் மட்டும் திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். வழுவழுப்பான தோல் அடிப்பாகம் நல்லது. டைல்ஸ் தரையில் காலுறை மட்டும் போட்டு ஆடினால் வழுக்கும். மொட்டை மாடியின் சொரசொரப்பான தரை திரும்பிப் பழகத் தோதுப்படாது. இந்த நேர்க்கோட்டு நடைக்கு மட்டும் வெறுங்காலே போதும்.

கால்களைச் சேர்த்து நில்லுங்கள். முழங்கால்கள் இளகி இருக்கட்டும். இப்போது தாவலை மறந்துவிட்டு மூன்று அடி மட்டும் வையுங்கள்:

த — இடது காலை முன்னால் வையுங்கள். ஒரு சாண் தூரத்துக்கு மேல் வேண்டாம்.
க — வலது காலைக் கொண்டுவந்து இடது குதிகாலுக்குப் பக்கத்தில் சேருங்கள். உடல் எடை வலது காலுக்கு மாற வேண்டும்.
தி — இடது காலை மறுபடி முன்னால் வையுங்கள்.
மி — சும்மா இருங்கள்.

அடுத்த தகதிமியை வலது காலில் தொடங்குங்கள். மூன்று அடி என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் தொடங்கும் கால் தானாக மாறும். இடது-வலது-இடது, வலது-இடது-வலது. மாறவில்லை என்றால் 'க'வில் எடை மாறவில்லை என்று அர்த்தம். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். 'க'வில் காலைத் தரையில் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டு, அதே காலை மறுபடி எடுத்துவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் 'க'வில் அப்படியே நின்று, மற்றக் காலைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். தள்ளாடாமல் நிற்க முடிந்தால் எடை மாறிவிட்டது.

இந்தக் 'க'தான் நான் சொன்ன பாதி அடி. பின்னால் இருக்கும் கால் முன்னால் இருக்கும் காலைத் தாண்டிப் போகாது. பாதி வழியில் வந்து பக்கத்தில் நின்று, அதற்கு இடம் விட்டுக் கொடுக்கும். நடப்பதற்கும் போல்காவுக்கும் இருக்கும் வித்தியாசம் முழுக்க இதில்தான். நல்ல ஆட்டக்காரர் ஆடும்போது இடுப்புக்கு மேலே பார்க்காமல் கால்களை மட்டும் கவனியுங்கள். 'க'வில் பின்கால் பெருவிரல் நுனியில் வந்து இறங்கும், குதிகால் தரையைத் தொடாது. தொடுவதற்குள் முன்கால் கிளம்பிவிடும்.

மூன்று அடி பழகிய பிறகு 'மி'யைச் சேருங்கள். எந்தக் காலில் எடை இருக்கிறதோ அந்தக் காலிலேயே சின்னதாக ஒரு எழும்பல். மற்றக் கால் அதற்குள் முன்னால் வர ஆயத்தமாகிவிடும். பாதம் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பினால் தாராளம். இன்றைய செக் நடன இரவுகளில் பலர் தரையை விட்டு எழும்புவதே இல்லை, முழங்காலில் ஒரு இளகல் மட்டும் தெரியும். அமெரிக்காவின் சிகாகோ பாணியில் தாவல் தெளிவாகத் தெரியும். எது சரி என்று சண்டை வேண்டாம். ஆனால் கற்கும்போது சின்னதிலிருந்து தொடங்குங்கள். பெரிதாகத் தாவிப் பழகியவர்கள் இரண்டு நிமிடத்தில் மூச்சிரைத்து நின்றுவிடுவார்கள்.

குழந்தைகளுக்குச் சொல்லித்தருவதாக இருந்தால் குதிகால்-நுனிக்கால் விளையாட்டிலிருந்து தொடங்கலாம். இடது குதிகாலைப் பக்கவாட்டில் ஊன்றி, அதே காலின் நுனியைத் தரையில் தொட்டு, அப்புறம் ஒரு தகதிமி நடை. பிறகு வலது காலில் அதே மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடனக் கூடங்களில் பெரியவர்களும் இதை ஆடியிருக்கிறார்கள்.

நான்காம் படி: சுவரோரம் திரும்பப் பழகுவது

ஜோடி போல்கா சுற்றிக்கொண்டே நகரும். ஒவ்வொரு தகதிமிக்கும் அரைச் சுற்று, இரண்டு தகதிமிக்கு ஒரு முழுச் சுற்று. மூன்று நிமிடப் பாட்டில் ஏறக்குறைய 90 முறை சுற்றுவீர்கள். கேட்கவே தலை சுற்றும். ஆனால் முறையாகப் பழகினால் சுற்றாது.

வீட்டில் நீளமான ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். சுவரைப் பார்த்து நின்று, இடது பக்கமாக நகருங்கள்: இடது கால் பக்கவாட்டில், வலது கால் சேர, இடது கால் பக்கவாட்டில். இப்போது 'மி'யில் வலப்பக்கமாக அரைச் சுற்றுத் திரும்புங்கள். முதுகு சுவரைப் பார்க்கும். அதே திசையில்தான் இன்னும் போகிறீர்கள், ஆனால் இப்போது அது உங்கள் வலது பக்கம். வலது கால் பக்கவாட்டில், இடது கால் சேர, வலது கால் பக்கவாட்டில். 'மி'யில் மறுபடி வலப்பக்கமாகவே அரைச் சுற்று. சுவர் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

எப்போதும் வலப்பக்கமாகவே திரும்ப வேண்டும். இரண்டாவது முறை இடப்பக்கம் திரும்பினால் வந்த வழியே அவிழ்ந்துவிடுவீர்கள். ஐந்து நாள் இதை மட்டும் பழகுங்கள். சுவர் முடிகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வந்து தொடங்குங்கள். தனியாகச் சுற்றும்போது கொஞ்சம் கிறுகிறுக்கும். ஜோடியாக ஆடும்போது அது குறைந்துவிடும்.

ஐந்தாம் படி: ஜோடி சேர்வது

வழக்கமான பிடி இது: வழிநடத்துகிறவர் வலது கையைத் துணையின் தோள்பட்டைக்குக் கீழே முதுகில் வைப்பார். துணையின் இடது கை அவருடைய வலது தோளில். மற்ற இரண்டு கைகளும் கோத்திருக்கும். தொடக்கத்தில் எனக்குப் பிடித்தது இதைவிட எளிய கிராமத்துப் பிடி. ஒருவர் இரண்டு கைகளாலும் மற்றவரின் இடுப்பைப் பிடிப்பார், மற்றவர் இரண்டு கைகளையும் அவர் தோள்மேல் வைப்பார். கைகளைப் பற்றி யோசிக்காமல் காலை மட்டும் கவனிக்கலாம்.

வழிநடத்துகிறவர் இடது காலில் தொடங்குவார், துணை வலது காலில். ஒருவருக்கு முதுகு கூடத்தின் நடுப்பக்கம், மற்றவருக்கு முகம் நடுப்பக்கம். சுவரோரம் பழகியதை இருவரும் எதிரெதிராகச் செய்வதுதான். ஒருவர் சுவரைப் பார்க்கும் நொடியில் மற்றவர் நடுவைப் பார்ப்பார். அடுத்த நொடியில் இடம் மாறும்.

சுற்றும்போது துணையின் முகத்தையோ தோளையோ பாருங்கள். இருவரும் சேர்ந்தே சுற்றுவதால் அவர் முகம் உங்களுக்கு அசையாமல் நிற்கும். சுவரையும் விளக்கையும் பார்த்தால் தலை கிறுகிறுக்கும். இடுப்புக்கு மேலே உடலை இம்மியளவு பின்னால் சாய்த்து, பிடித்த கைகளின் மேல் எடையைக் கொஞ்சம் விடுங்கள். இருவரும் அப்படிச் செய்யும்போது ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு பம்பரம் மாதிரி சுற்றுவீர்கள். ஒருவர் மட்டும் சாய்ந்தால் மற்றவருக்குக் கை கடுக்கும்.

நான் ஆடிய முதல் சில இரவுகளில், முன்னால் போக வேண்டும் என்ற அவசரத்தில் அடியை நீட்டினேன். துணையின் காலை மிதித்தது அதனால்தான். ஜோடியாகும்போது அடியை இன்னும் சிறிதாக்க வேண்டும். சுற்றுவதே உங்களை நகர்த்திக்கொண்டு போய்விடும்.

கூடத்தில் இறங்கும்போது

செக் நாட்டில் பதினாறு வயதையொட்டிய பிள்ளைகள் நிறையப் பேர் 'தனெச்னீ' என்ற நடன வகுப்புக்குப் போவார்கள். பையன்கள் கோட் சூட், பெண்கள் நீண்ட உடை. போல்காவோடு வால்ட்ஸ் முதலானவற்றையும், ஒருவரை நடனத்துக்கு எப்படி அழைப்பது என்பதையும் அங்கே கற்றுக்கொள்கிறார்கள். அதனால்தான் ஜனவரி, பிப்ரவரியில் ஊருக்கு ஊர் நடக்கும் நடன இரவுகளில் பேரனும் பாட்டியும் ஒரே கூடத்தில் ஆட முடிகிறது.

கூடத்தில் எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர்வார்கள், ஆனால் ஒவ்வொரு ஜோடியும் கடிகாரத் திசையில் சுற்றும். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் மோதல்தான். வேகமானவர்கள் வெளிவட்டத்தில், நிதானமானவர்கள் உள்ளே. மூச்சு முட்டினால் நடுவுக்கு ஒதுங்கி நில்லுங்கள். ஓடும் பாதையில் நிற்காதீர்கள்.

ஊருக்கு ஊர் மாறும் போல்கா

அடிப்படை பழகிவிட்டால் மற்றப் பாணிகளைக் கேட்க ஆசை வரும். வியன்னாவின் ஸ்ட்ராஸ் குடும்பத்துப் போல்காக்கள் அரங்கில் உட்கார்ந்து கேட்கவும் ஏற்றவை. அவற்றில் 'ஷ்னெல்' என்று குறித்தவை மிக வேகமானவை, முதலில் அவற்றுக்கு ஆட முயலாதீர்கள். அமெரிக்காவில் ஸ்லோவேனிய வம்சாவளியினரான ஃபிராங்கி யாங்கோவிச் கிளீவ்லாந்து நகரில் ஒரு பாணியையே நிலைநிறுத்தினார். 1986-இல் போல்காவுக்கென்று கிராமி விருது தொடங்கியபோது முதல் விருது அவருக்குத்தான். 2009-இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் 1993 முதல் போல்காதான் அதிகாரபூர்வ நடனம். டெக்சாஸில் குடியேறிய செக், ஜெர்மானியரிடமிருந்து மெக்சிகோ வம்சாவளியினர் அக்கார்டியனையும் போல்காவையும் எடுத்துக்கொண்டு, பாஹோ செக்ஸ்தோ என்ற பன்னிரண்டு தந்திக் கருவியோடு சேர்த்துத் தங்கள் 'கொன்ஹுன்டோ' இசையை வளர்த்தார்கள். பராகுவேயிலும் போல்கா என்ற பெயர் உண்டு. ஆனால் அதன் தாளமே வேறு, நம் தகதிமி அதில் உட்காராது.

ஃபின்லாந்தின் 'சாக்கியார்வி போல்கா'வுக்கு ஒரு போர்க்கதை இருக்கிறது. 1941-இல் வீபுரி நகரை விட்டுப் பின்வாங்கிய சோவியத் படை, வானொலி அலையில் மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் வெடிக்கும் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டுப் போனது. அந்தச் சைகை வெடிகளை எட்டாதபடி, ஃபின்லாந்துக்காரர்கள் அதே அலைவரிசையில் இந்தப் போல்காவை ஓயாமல் ஒலிபரப்பினார்கள். செப்டம்பரில் தொடங்கியது, அடுத்த பிப்ரவரி வரை நீண்டது.

இன்னொன்று, ஆடுவதற்கு இல்லாமல் கேட்பதற்கு. செக் இசையமைப்பாளர் பெட்ரிக் ஸ்மெத்தனா இளமையில் நடனப் பிரியர், நிறையப் போல்கா எழுதியவர். 1874-இல் அவர் செவி முழுதும் போனது. இரண்டு வருடம் கழித்துத் தன் வாழ்க்கையைப் பற்றி நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதிய படைப்பின் இரண்டாம் பகுதியில் ஒரு போல்கா வைத்தார், அந்த இளமைக் காலத்தின் நினைவாக. காது கேளாதவர் மனத்துக்குள் ஓடிய உம்-பா அது. காலில் போல்கா ஏறிய பிறகு கேளுங்கள். எந்த இடத்தில் பாதம் அசைகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

நடன இரவில் வாத்தியக் குழு ஒரே ஒரு போல்காவோடு நிறுத்தாது. இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் வரும், அதுவரை துணையை விட்டுப் போகக் கூடாது. முடிந்ததும் நன்றி சொல்லி அவரை மேசை வரை கொண்டுபோய் விட வேண்டும். அடுத்து வால்ட்ஸ் வந்தால் எண்ணிக்கை தகிட, தகிட என்று மூன்றாகிவிடும். போல்காவில் சூடேறிய கால் அதைச் சட்டென்று ஏற்காது, 'மி'யைத் தேடும். ஒரு சுற்று நின்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.